நாற்பத்து மூன்று அங்குலம்

மெஹ்பூலாவில் எங்கள் கட்டடத்துக்குப் பெயர் கிடையாது.
மீன்கடைக்குப் பின்னால் என்றால்
டாக்சிக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார்.
ஏழாவது மாடி, மூன்று கட்டில், ஒரு டிவி.

டிவி எங்களுடையது அல்ல.
இக்காமா ரத்தாகிப் போன மரியதாசன்
பதினெட்டு தினாருக்கு விட்டுப்போனது.
ரிமோட்டில் ஓகே பொத்தான் அமுங்காது.
அதைச் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார்.

ஆகவே எங்களுக்கு எல்லாம் போன் வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து
நைனார் கனி மஜ்பூஸ் பொட்டலத்தோடு வந்தான்.
"போனும் டிவியும் ஒரே வைஃபையில இருக்கணும்,
இல்லேன்னா ஒண்ணுக்கு ஒண்ணு கண்ணுல படாது."
எங்களைச் சொல்கிறானோ என்று நினைத்தேன்.
ஒரே அறை. மூன்று ஷிப்ட்.
குளியலறைக் கண்ணாடியில் ஆவி இருந்தால்
இப்போதுதான் ஒருவன் வேலைக்குப் போயிருக்கிறான்
என்று தெரிந்துகொள்கிறவர்கள்.

போன் தேடியது.
வட்டம் சுற்றிச் சுற்றி
மாடி முழுக்க இருக்கும் டிவிகளைக் கூட்டிவந்தது:
அபூ யூசுப் மஜ்லிஸ்,
சலூன்,
வெறும் எண்களாய் ஒன்று,
கடைசியில்
மரியதாசன் குடும்பம்.

அவருக்கு இங்கே குடும்பம் இருந்ததில்லை.
அடுத்த லீவு முடிந்து கூட்டிவருகிறேன்,
அதற்கடுத்த லீவு முடிந்து கூட்டிவருகிறேன் என்று
ஆறு வருடம்.
டிவிக்கு மட்டும்
முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார் போல.

திரையில் நான்கு எண்கள் தோன்றின.
தங்கேஸ்வரன் கிரேன் மேலிருந்து கத்துகிற குரலில்
ஏழு, பூஜ்யம், இரண்டு, இரண்டு என்று வாசித்தான்.
இணைந்தது.
படம் மட்டும் போக மறுத்தது.
"முழுத் திரையையும் அனுப்பிடு" என்றான் நைனார்.
உங்கள் திரையில் உள்ள அனைத்தும் தெரியும்,
தொடரலாமா என்று போன் கேட்டது.
யார் அதையெல்லாம் வாசிக்கிறார்கள்.
தொடர் என்று அழுத்தினேன்.

கதாநாயகன் கடனைத் திருப்பித் தராத ஒருவனை
மாடியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான்.
அவன் நெற்றிக்கு மேலே இறங்கியது:

அன்புள்ள வாடிக்கையாளரே,
14ஆம் தேதிக்குள் வட்டி செலுத்தாவிடில்
தங்கள் நகைகள் ஏலத்துக்கு

இதையே இரண்டு முறை வாசித்திருக்கிறேன்,
லிப்ட் குழிக்குள் நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
அப்போது எறும்பு அளவுதான் இருந்தது.
இப்போது ஒவ்வொரு எழுத்தும்
என் கட்டைவிரல் பருமன்.
ஏலத்தின் ஏகாரத்தை
எதிர்க் கட்டட பால்கனியிலிருந்தும் படிக்கலாம்.

தள்ளிவிடப் பார்த்தேன்.
நெய்ச்சோற்று விரல்
கண்ணாடியில் வழுக்கியது.
இன்னொரு முறை.
வழுக்கியது.

நைனாருக்குத் திடீரென்று
வெங்காயம் போதவில்லை என்று ஞாபகம் வந்தது.
சமையலறையில் வெட்டுகிற சத்தம் கேட்கவேயில்லை.
தங்கேஸ்வரன் ரிமோட்டின் செத்துப்போன ஓகேயை
அழுத்திக்கொண்டிருந்தான்.

பிறகு படம் ஓடியது.
சிரிக்க வேண்டிய இடங்களில்
ஏசி மட்டும் கடகடத்தது.

இடைவேளை என்று எழுத்து வந்தபோது
தங்கேஸ்வரன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்:
"எத்தனை பவுன்?"
"ஆறரை."
"தாலிக்கொடியுமா?"
"அது இல்ல."
"ம்."

வேறொன்றும் கேட்கவில்லை.
என் சார்ஜ் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.
"எடு உன் போனை, என்னுதைப் போடுறேன்" என்றான்.
அறிவிப்புகளை மறைக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம்,
எனக்குக் காட்டினான், எங்கே என்று.
தான் அழுத்தவில்லை.
மறந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை.

வெங்காயம் வந்தது.
சண்டை மறுபடி ஆரம்பித்தது.
நடுநடுவே அவனுக்கு வந்தவற்றை,
டிராக்டர் தவணை, மகனுடைய ஹாஸ்டல் ஃபீஸ்,
குட் மார்னிங் ரோஜாப்பூ இரண்டு,
மூன்று பேரும் வாசித்தோம்.
யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை.
ரோஜாப்பூவுக்கு மட்டும் நைனார் சிரித்தான்.

கீழ் மூலையில் சின்னதாய் ஒரு வரி
மங்காமல் நின்றது:
மரியதாசன் குடும்பம், இணைக்கப்பட்டுள்ளது.